தென்காசி வட்டாரத்தில் மணிச்சத்தின் வரலாறு

மணிச்சத்து என்பது பயிர்கள் மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும் பாஸ்பரஸ் என்னும் தனிமத்துக்குத் தமிழ்நாட்டு வேளாண்மைத் துறையும் உழவர்களும் வழங்கும் பெயராகும். தழைச்சத்து எனப்படும் நைட்ரஜன், சாம்பல் சத்து எனப்படும் பொட்டாசியம் ஆகியவற்றோடு இதுவும் சேர்ந்து பயிருக்குரிய மூன்று பேரூட்டங்களாக வைத்து எண்ணப்படுகின்றன. நெல்மணி, கம்புமணி என்று சொல்லும்போது வருகிற அதே மணிதான் இப்பெயரிலும் இருக்கிறது. கதிர் முற்றும்போது செடியிலுள்ள பாஸ்பரஸில் பெரும்பகுதி தானியத்துக்குள் போய்ச் சேர்வதால் பெயர் பொருத்தமானதே. ஆனால் அது பாதி உண்மையைத்தான் சொல்கிறது. மணி பிடிக்கும் பருவத்தைவிட, விதை முளைத்த முதல் சில வாரங்களில்தான் பயிருக்கு இந்தச் சத்து அவசரமாகத் தேவைப்படுகிறது. அப்போது கிடைக்காமல் போனதைப் பின்னால் எத்தனை மூட்டை போட்டாலும் ஈடுகட்ட முடிவதில்லை.

தென்காசி, குற்றாலம் வட்டாரத்தை எடுத்துக்கொண்டு இந்தச் சத்தின் வரலாற்றைச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. மணிச்சத்து மண்ணில் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்குப் பாடப்புத்தகங்கள் மூன்று வகை மண்ணை உதாரணம் காட்டுகின்றன. அம்மூன்றையும் குற்றால மலையிலிருந்து கிழக்கே சங்கரன்கோவில் வரை ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் பார்த்துவிடலாம்.

மூன்று மண்

திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து 2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டமாகப் பிரிந்தது. மேற்கே குற்றாலம், செங்கோட்டைப் பகுதிகளின் மலைச்சரிவு. தென்மேற்குப் பருவமழை அங்கே சாரலாகவும் அடைமழையாகவும் பெய்து, மண்ணிலிருந்த சுண்ணாம்பு முதலிய காரப் பொருள்களைக் காலங்காலமாகக் கரைத்துக்கொண்டு போய்விட்டது. மிஞ்சியது இரும்பும் அலுமினியமும் மிகுந்த அமிலத் தன்மையுள்ள மண். மலையடிவாரத்தில் தென்காசி, கடையநல்லூர், சுரண்டைப் பக்கம் செம்மண். அதையும் தாண்டிச் சங்கரன்கோவில், குருவிகுளம் பக்கம் போனால் சுண்ணாம்புச் சத்துள்ள கரிசல்.

ஒரே சூப்பர் பாஸ்பேட்டை இம்மூன்றிலும் இட்டால் மூன்று விதமாக முடியும். மலை மண்ணில் அது இரும்போடும் அலுமினியத்தோடும் சேர்ந்து கரையாப் பொருளாகிறது. கரிசலில் சுண்ணாம்போடு சேர்ந்து இறுகுகிறது. அமிலமும் காரமும் மிகாத, கார அமில நிலை 6-க்கும் 7.5-க்கும் இடைப்பட்ட செம்மண்ணில்தான் ஓரளவு வேருக்கு எட்டும்படி இருக்கிறது. பொதுவாக, இட்ட மணிச்சத்தில் 10 முதல் 25 சதவீதம் வரையே அந்த முதற்பயிருக்குக் கிடைக்கும். மிச்சம் மண்ணோடு தங்கிவிடும். தழைச்சத்து தண்ணீரோடு ஓடும், மணிச்சத்து போட்ட இடத்திலேயே கிடக்கும் என்று சொன்னால் மாணவர்களுக்கு வேறுபாடு எளிதில் விளங்கும்.

மூட்டைக்கு முன்

கடையில் உரம் விற்காத காலத்தில் இந்தச் சத்து வயலுக்கு எங்கிருந்து வந்தது? தொழு உரம் என்று சொல்லிவிடலாம். ஆனால் தன் வயல் வைக்கோலைத் தின்ற மாட்டின் சாணத்தை அதே வயலில் போட்டால் புதிதாக எதுவும் சேராது. போனதில் ஒரு பகுதி திரும்பி வரும், அவ்வளவுதான். வெளியிலிருந்து மணிச்சத்தைக் கொண்டுவந்த வழிகள் வேறு. அவற்றில் மூன்று இந்த வட்டாரத்தில் நன்கு அறியப்பட்டவை.

முதலாவது ஆட்டுக்கிடை. பகலில் ஆடுகள் தரிசிலும் பொத்தையடிவாரத்திலும் ஓடைக்கரையிலும் மேய்கின்றன. இரவில் உழவர் ஒருவரின் வயலில் மறிக்கப்படுகின்றன. நிலக்காரர் கிடைக்காரருக்குக் கூலியாகப் பணமோ தானியமோ கொடுப்பார். அசைபோடும் விலங்குகளின் உடலிலிருந்து வெளியேறும் தழைச்சத்திலும் சாம்பல் சத்திலும் பெரும்பங்கு மூத்திரத்தில் போகிறது. மணிச்சத்து மட்டும் ஏறக்குறைய முழுவதும் புழுக்கையில் போகிறது. ஆகவே ஆட்டுக்கிடை என்பது, பயிரிடாத நிலம் நெடுகிலும் சிதறிக் கிடந்த மணிச்சத்தைப் பொறுக்கி ஒரு வயலில் கொட்டும் ஏற்பாடு. மேய்ச்சல் தரிசுகள் மனைகளாகவும் காற்றாலை நிலங்களாகவும் மாறி வரும்போது இழக்கப்படுவது ஆட்டுக்காரரின் பிழைப்பு மட்டுமல்ல. வயலுக்கு வந்துகொண்டிருந்த ஒரு சத்து வழியும் சேர்ந்தே அடைபடுகிறது.

இரண்டாவது தழை மிதித்தல். கொழிஞ்சி, ஆவாரை, எருக்கு, புங்கந்தழை, வேப்பந்தழை ஆகியவற்றை வெட்டிக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து நெல் வயலின் தொழியில் மிதிப்பார்கள். கொழிஞ்சி அவரைக் குடும்பத்துச் செடியாதலால் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தழைச்சத்தைத் தரும். மணிச்சத்தைக் காற்றிலிருந்து எந்தச் செடியாலும் பிடிக்க இயலாது. வெட்டிவந்த இடத்து மண்ணிலிருந்து அது எடுத்த மணிச்சத்துதான் தழையோடு வயலுக்கு வருகிறது. வயலிலேயே விதைத்து அங்கேயே மடக்கி உழுத பசுந்தாள் உரம் மணிச்சத்தை அதிகரிக்காது. வேருக்கு எட்டாமல் கிடந்ததைச் செடியின் உடம்புக்குள் ஏற்றி, மக்கும்போது எளிதாகக் கிடைக்கும் வடிவில் திருப்பிக் கொடுக்கும். பசுந்தாள் உரத்தால் எல்லாச் சத்தும் வந்துவிடும் என்று எழுதுபவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை.

மூன்றாவது குளத்து வண்டல். கோடையில் குளம் வற்றியதும் வண்டியில் அள்ளி வயலில் கொட்டுவார்கள். மணிச்சத்து மண்துகளோடு, அதிலும் நுண்ணிய களித்துகளோடு ஒட்டிக்கொண்டு நகரும் சத்து. மழைநீர் மேட்டு நிலத்தை அரித்து வரும்போது களியும் அதனோடு சேர்ந்த மணிச்சத்தும் குளத்தில்தான் படிகின்றன. வண்டல் அள்ளுவது என்றால் இழந்ததைத் திரும்ப எடுத்து வருவது என்றே பொருள். இடையில் அனுமதிச் சிக்கல்களால் தளர்ந்திருந்த இவ்வழக்கத்துக்கு, உழவர்கள் குளங்களிலிருந்து கட்டணமின்றி வண்டல் எடுக்க 2017-இல் தமிழ்நாடு அரசு வழிசெய்தது.

குற்றாலத்தின் வாசனைத் தோட்டம்

1800-ஆம் ஆண்டையொட்டிக் கிழக்கிந்தியக் கம்பெனி குற்றாலத்தில் வாசனைப் பயிர்த் தோட்டம் ஒன்றை அமைத்தது. இந்தியாவுக்குக் கிராம்பு வந்து சேர்ந்தது இத்தோட்டத்தின் வழியாகத்தான். கிராம்பின் பிறப்பிடம் இன்றைய இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகள். எரிமலை மண்ணில் வளர்ந்த மரம், குற்றாலத்தின் பழைய, கழுவப்பட்ட மலை மண்ணில் பிழைத்ததே ஒரு செய்திதான். இங்கே கண்ட வெற்றிக்குப் பிறகு, 1850-க்குப் பின் கிராம்பு பயிர் நீலகிரிக்கும் தென் திருவிதாங்கூருக்கும் மேற்குத் தொடர்ச்சி மலையின் பிற சரிவுகளுக்கும் பரவியது. குற்றால மலைகளில் ராபர்ட் வைட் போன்ற தாவரவியலாளர்கள் செடிகளைச் சேகரித்தது 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில்.

அந்தத் தோட்டம் போடப்பட்ட நாளில் செடிக்குப் பாஸ்பரஸ் தேவை என்பது யாருக்கும் தெளிவாகத் தெரியாது. பாஸ்பரஸ் என்ற பொருளை ஹாம்பர்க் நகரத்து ஹென்னிக் பிராண்ட் 1669-இலேயே மூத்திரத்தைக் காய்ச்சிக் கண்டுபிடித்திருந்தார். இருட்டில் ஒளிரும் வேடிக்கைப் பொருளாகத்தான் அது நெடுங்காலம் இருந்தது. ஜெனீவாவின் தியோடர் டி சோசூர், தாம் ஆராய்ந்த செடிகளின் சாம்பலிலெல்லாம் கால்சியம் பாஸ்பேட் இருப்பதைக் குறிப்பிட்டது 1804-இல். ஏறத்தாழக் குற்றாலத் தோட்டத்தின் சமகாலம்.

உரம் அறியாமலே மலைத் தோட்டம் எப்படித் தழைத்தது என்றால், காட்டின் முறை அதற்குள் இயங்கியது. மரங்கள் இலையை உதிர்க்குமுன் அதிலுள்ள மணிச்சத்தில் ஏறத்தாழப் பாதியைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கின்றன. உதிர்ந்த சருகு மக்கும்போது வெளிப்படும் மீதியை, அது கீழே இறங்கி இரும்பிடம் சிக்குமுன், மேல்மண்ணிலேயே பின்னிக் கிடக்கும் வேர்களும் வேர்ப்பூஞ்சைகளும் பிடித்துவிடுகின்றன. சருகைக் கூட்டி எரிக்கும் தோட்டத்திலும், சரிவு மண் அரித்துப்போன தோட்டத்திலும் இச்சுழற்சி அறுந்துவிடும்.

மலைத் தோட்டங்களுக்குப் பிற்காலத்தில் வந்த உரமும் சமவெளி உரத்திலிருந்து வேறுபட்டது. பாறையைப் பொடித்து அப்படியே இடும் ராக் பாஸ்பேட் கரிசலில் கிட்டத்தட்டக் கல்தான். ஆனால் அமில மண்ணில் அம்மண்ணின் அமிலமே அதை மெல்லக் கரைத்துத் தருகிறது. தேயிலை, ரப்பர், ஏலத் தோட்டங்களில் முசூரி ராக் பாஸ்பேட்டும் ராஜஸ்தானிலிருந்து வரும் பாறைப்பொடியும் பயன்பட்டு வருவது இதனால்தான். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு அனுராதபுரம் மாவட்டத்து எப்பாவல படிவு உதவுகிறது. 1971-இல் கண்டறியப்பட்ட அப்படிவை வெளிநாட்டு நிறுவனக் கூட்டில் பெருமளவு வெட்டியெடுக்கும் திட்டத்தை ஊர்மக்கள் எதிர்த்து வழக்காடினர். இலங்கை உச்ச நீதிமன்றம் 2000-இல் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது.

எலும்பு, பாறை, அமிலம்

1840-இல் ஜெர்மானிய வேதியியலாளர் லீபிக், செடிகள் தாதுப் பொருள்களையே உணவாகக் கொள்கின்றன என்ற கருத்தை நூலாக வெளியிட்டார். இரண்டே ஆண்டில் இங்கிலாந்தின் ஜான் பென்னட் லாஸ், எலும்பையும் பாஸ்பேட் பாறையையும் கந்தக அமிலத்தில் கரைத்து உரமாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். சூப்பர் பாஸ்பேட் என்ற முதல் செயற்கை உரம் இதுதான். 1843-இல் அவர் தம் ரோதம்ஸ்டெட் பண்ணையில் தொடங்கிய உரச் சோதனைகள் இன்றும் நடக்கின்றன. பிரிட்டன் ஐரோப்பாவின் போர்க்களங்களைக்கூடத் தோண்டி எலும்பை அள்ளிச் செல்கிறது என்று லீபிக் குற்றம் சாட்டியதுண்டு.

இந்தியாவிலிருந்தும் எலும்பு கப்பலேறியது. இந்திய வேளாண்மையை ஆராய 1889-இல் அனுப்பப்பட்ட ஜான் அகஸ்டஸ் வோல்க்கர், 1893-இல் வெளிவந்த தம் அறிக்கையில் எலும்பு ஏற்றுமதியையும் விவாதித்தார். ஒரு மாட்டு வண்டி எலும்பு நாட்டைவிட்டுப் போனால், பல ஏக்கர் மேய்ச்சல் நிலத்திலிருந்து பல ஆண்டுகளில் திரண்ட மணிச்சத்து போய்விடுகிறது. எலும்பைத் தொடுவதில் உழவர்களுக்கிருந்த தயக்கமும் அந்த வியாபாரத்துக்கு வசதியாக அமைந்தது.

தமிழ்நாட்டுக்கென்று சொந்தப் பாறை இருக்கிறதா என்ற தேடலும் அதே காலத்தில் நடந்தது. திருச்சிராப்பள்ளிப் பகுதியில், இன்றைய பெரம்பலூர் வட்டாரத்து ஊட்டத்தூர்ப் படிவுகளில், பாஸ்பேட் உருண்டைகள் களிமண்ணோடு கலந்து கிடக்கின்றன. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடல் அங்கே இருந்ததன் மிச்சம் அவை. 1890-களில் புவியியலாளர் வார்த், 200 அடி ஆழம் வரை கணக்கிட்டு, அங்கே 80 லட்சம் டன் உருண்டைகள் இருக்கலாம் என மதிப்பிட்டார். எண்ணைக் கேட்டால் மலைப்பாக இருக்கும். நடைமுறையில் அவை அகன்ற பரப்பில் சிதறிக் கிடந்தன. பொறுக்கிச் சேர்க்கும் செலவு மிகுதி. சுண்ணாம்பும் இரும்பும் கலந்திருந்ததால் அமிலத்தில் கரைத்து நல்ல சூப்பர் பாஸ்பேட் செய்வதும் எளிதாயில்லை. பொடியாக்கித் தென்னிந்தியக் காப்பித் தோட்டங்களுக்கு விற்கச் செய்த முயற்சியும் கட்டுப்படியாகவில்லை. பூமிக்கடியில் இருப்பது வேறு, பயிருக்குக் கிடைப்பது வேறு. மண்ணுக்குச் சொல்லப்படும் இதே நியாயம் ஒரு மாநிலத்தின் கனிம வளத்துக்கும் பொருந்தியது.

1906-இல் பாரி நிறுவனத்தின் இராணிப்பேட்டை ஆலை சூப்பர் பாஸ்பேட் தயாரிக்கத் தொடங்கியது. ஆண்டுக்கு 6,000 டன் திறனுள்ள அந்த ஆலையிலிருந்துதான் இந்திய உரத் தொழிலின் வரலாற்றைத் தொடங்குவது வழக்கம். சைதாப்பேட்டையில் 1868-இல் தோன்றிய வேளாண் பள்ளி கோயம்புத்தூருக்கு மாறியதும் அதே 1906-இல். அங்கே 1909-இல் நிரந்தர உரச் சோதனை தொடங்கப்பட்டது. ஒரு பாத்திக்கு எதுவுமே இடுவதில்லை. ஒன்றுக்குத் தழைச்சத்து மட்டும், இன்னொன்றுக்கு மணிச்சத்து மட்டும், சிலவற்றுக்கு இரண்டிரண்டாகச் சேர்த்து, ஒன்றுக்கு மூன்றும், மற்றொன்றுக்கு மாட்டெரு என்று ஆண்டுதோறும் மாறாமல் இட்டு, விளைச்சலைக் குறித்து வருவது அதன் முறை. 1925-இல் இரண்டாவது சோதனையும் சேர்ந்தது. கோயம்புத்தூரின் வேளாண் வேதியியலாளர் பி. விசுவநாத், குன்னூரில் ஊட்டச்சத்து ஆராய்ந்துவந்த மெக்காரிசனுடன் சேர்ந்து, வெவ்வேறு உரமிட்டு விளைந்த தானியங்களின் உணவு மதிப்பை ஒப்பிட்ட ஆய்வை 1926-இல் வெளியிட்டார். உரத்தைப் பற்றிய கேள்வி விளைச்சலின் எடையோடு நின்றுவிடாமல், அதை உண்பவரின் உடம்பு வரை போனது அங்கேதான்.

வேர் என்ன செய்கிறது

மண்நீரில் கரைந்திருக்கும் மணிச்சத்தின் அளவைக் காட்டிலும் செடியின் உயிரணுக்களுக்குள் இருப்பது ஆயிரம் மடங்குக்கும் மேல். அவ்வளவு குறைந்த இடத்திலிருந்து அவ்வளவு நிறைந்த இடத்துக்கு ஏற்ற, செடி ஆற்றலைச் செலவிட வேண்டும். போதாக்குறைக்கு, பாஸ்பேட் அயனி மண்ணில் ஒரு பருவம் முழுக்க நகர்ந்தாலும் சில மில்லிமீட்டர் தாண்டுவதில்லை. வேர் தன்னைச் சுற்றி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தொலைவிலுள்ளதை உறிஞ்சி முடித்ததும் அங்கே ஒரு வெற்றிடம் உண்டாகிவிடும். பிறகு செடிதான் சத்தைத் தேடிப் போக வேண்டும்.

அது தேடும் விதத்தைக் கண்ணால் பார்க்கலாம். பற்றாக்குறை வந்ததும் மேல்வளர்ச்சி குறைந்து வேர்வளர்ச்சி கூடுகிறது. பக்கவேர்கள் மேல்மண்ணில் பரவுகின்றன, வேர்த்தூவிகள் நீளமாகின்றன. மேலே இலைகள் சிறுத்துக் கரும்பச்சையாகத் தோன்றும். பலர் இதைச் செழிப்பு என்று தவறாக எண்ணிவிடுவார்கள். மக்காச்சோள நாற்றில் அடியிலைகளின் ஓரம் ஊதா நிறமாகும். நெல்லில் தூர் கட்டுவது குறையும், கதிர் வெளிவருவது தள்ளிப்போகும். பழைய இலையிலிருந்து புது இலைக்குச் சத்தை மாற்றிக்கொள்ளும் திறன் செடிக்கு இருப்பதால், அடையாளம் எப்போதும் அடியிலைகளிலிருந்தே தொடங்கும். குளத்து அசோலா பச்சையிலிருந்து செம்பழுப்பாக மாறினால் மணிச்சத்துக் குறைவு அதற்கு ஒரு காரணமாக இருக்கக்கூடும்.

வேருக்கு உதவும் கூட்டாளி வேர்ப்பூஞ்சை. நிலத்தாவரங்களில் பெரும்பாலானவற்றின் வேரில் இது குடியிருக்கிறது. 40 கோடி ஆண்டுப் பழமையான புதைபடிவங்களிலும் காணப்பட்டிருக்கிறது. பூஞ்சையின் நூலிழைகள் வேர்த்தூவி எட்டாத தொலைவுக்குப் போய் மணிச்சத்தைக் கொண்டுவந்து கொடுத்து, செடியிடமிருந்து சர்க்கரையைப் பெற்றுக்கொள்கின்றன. ஆனால் மண்ணில் மணிச்சத்து தாராளமாக இருந்தால் செடி இந்த உறவைக் குறைத்துக்கொள்கிறது. கூலி கொடுக்கத் தேவையில்லாதபோது ஆள் வைப்பானேன்? நாற்றங்காலுக்கு இது நேரடியாகப் பொருந்தும். ஜாதிக்காய், மங்குஸ்தான் போன்ற மலைப்பயிர்க் கன்றுகளைச் செம்மண், மணல், தொழு உரம் கலந்த பையில் வளர்க்கும்போது டிஏபியை அள்ளிப் போட்டால், பையில் இருக்கும் வரை கன்று பார்வையாக வளரும். பூஞ்சைத் துணை இல்லாமல் அமில மண்ணில் நடப்படும்போது திணறும்.

துவரை இதில் ஒரு படி மேலே போகிறது. ஐதராபாத் அருகிலுள்ள இக்ரிசாட் நிறுவனத்தில் ஜப்பானிய ஆய்வாளர் ஏ உள்ளிட்ட குழு செய்த ஆய்வு 1990-இல் சயின்ஸ் இதழில் வெளியானது. துவரை வேர் பிசிடிக் அமிலம் என்ற பொருளைச் சுரந்து, செம்மண்ணில் இரும்பு பிடித்து வைத்திருக்கும் மணிச்சத்தை விடுவித்து எடுக்கிறது என்று அக்குழு காட்டியது. மற்றப் பயிர்களுக்கு எட்டாத சத்து இப்படிச் சுழற்சிக்குள் வருகிறது. துவரையின் சருகும் வேரும் மக்கும்போது அடுத்த பயிருக்கும் பங்கு கிடைக்கிறது. செம்மண் மானாவாரியில் சோளத்தோடும் கடலையோடும் துவரையை ஊடுபயிராகப் போட்ட உழவர்களுக்குப் பிசிடிக் அமிலம் தெரியாது. துவரைக் காட்டில் மறு வருஷம் வெள்ளாமை நன்றாயிருக்கும் என்பது தெரியும்.

நெல் வேறு கதை. சிற்றாறு குற்றால மலையில் பிறந்து தாமிரபரணியைச் சேரும் வரை பாயும் வயல்களில் காரும் பிசானமும் நெல்லுக்குரிய பருவங்கள். தண்ணீர் கட்டிய வயலில் காற்றில்லாமல் போவதால் இரும்பின் வேதி வடிவம் மாறி, அது பிடித்திருந்த மணிச்சத்து நீரில் விடுபடுகிறது. அமில மண்ணும் கார மண்ணும் நீர் தேங்கினால் நடுநிலையை நோக்கி நகர்வதும் இதற்கு உதவும். ஆகவே அதே மண்ணில் மேட்டுப் பயிர் ஏங்கும்போதுகூட நெல் சமாளித்துக்கொள்ளும். பிசான அறுவடைக்குப் பின் வயல் காய்ந்ததும் இரும்பு பழைய நிலைக்குத் திரும்பி மணிச்சத்தை மறுபடி பிடித்துக்கொள்கிறது. அங்கே விதைக்கும் உளுந்துக்கு மணிச்சத்து போதாமல் போவது இதனால்தான். பூக்கும்போதும் அதிலிருந்து 15 நாள் கழித்தும் 2 சதவீத டிஏபி கரைசலை இலைவழியாகத் தெளிக்கும் பரிந்துரை, மண்ணைச் சுற்றிக்கொண்டு போகும் ஒரு குறுக்குவழி. தமிழ்நாட்டுப் பயறு உழவர்களிடம் இவ்வளவு பரவலாகப் போய்ச் சேர்ந்த பரிந்துரைகள் அதிகம் இல்லை.

நெல் இனங்களுக்குள்ளும் வேறுபாடு உண்டு. கசலத் என்ற பழைய இந்திய நெல் மணிச்சத்துக் குறைந்த மண்ணிலும் தாக்குப்பிடிப்பதைக் கண்டு அதன் காரணத்தைத் தேடினார்கள். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் சிக்ரிட் ஹாயர் குழு 2012-இல் அதற்குரிய மரபணுவை நேச்சர் இதழில் அறிவித்தது. இளம்பருவத்தில் வேரை விரைந்து வளரச் செய்வதே அந்த மரபணுவின் வேலை. ஐ.ஆர். 64 போன்ற நவீன இனங்களில் அது இல்லை. உரம் தாராளமாக இட்ட வயல்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட இனங்களில் அதன் இல்லாமை வெளியே தெரியாமலே போயிற்று.

தூத்துக்குடியிலிருந்து வந்த மூட்டை

1960-களின் புதிய நெல் ரகங்களோடு உர மூட்டை ஊருக்கு ஊர் வந்தது. 1970-களின் நடுவில் தூத்துக்குடியில் ஸ்பிக் ஆலை யூரியாவும் டிஏபியும் தயாரிக்கத் தொடங்கியபின் தென்மாவட்டங்களுக்கு மணிச்சத்து பக்கத்து வீட்டுப் பொருளாயிற்று. 50 கிலோ டிஏபி மூட்டையில் 9 கிலோ தழைச்சத்தும் 23 கிலோ மணிச்சத்தும் உண்டு. மணிச்சத்து என்று மூட்டையில் அச்சிடுவது பாஸ்பரஸ் பென்டாக்சைடு கணக்கில். தனிமமாகப் பார்த்தால் 10 கிலோ பாஸ்பரஸ். ஒரு டன் நெல்லும் அதற்குரிய வைக்கோலும் சேர்ந்து ஏறத்தாழ 3 கிலோ பாஸ்பரஸை வயலிலிருந்து எடுத்துப் போகின்றன.

ஆலை தூத்துக்குடியில் இருந்தாலும் பாறை இங்கே இல்லை. ராஜஸ்தானில் ஜாமர்கோட்ராவில் 1968-இல் கண்டறிந்த படிவு நாட்டின் தேவைக்குப் போதாது. பாறை, பாஸ்பாரிக் அமிலம், ஆயத்த டிஏபி ஆகியவற்றுக்கு இந்தியா பெருமளவு வெளிநாடுகளையே நம்பியிருக்கிறது. உலகில் அறியப்பட்ட பாஸ்பேட் இருப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மொராக்கோவிடமும் அதன் பிடியிலுள்ள மேற்குச் சகாராவிலும் இருக்கிறது. 1992 ஆகஸ்டில் மணிச்சத்து, சாம்பல் சத்து உரங்களின் விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டதும் அவற்றின் விலை ஏறிப் பயன்பாடு சரிந்தது. கட்டுப்பாட்டிலேயே நீடித்த யூரியா மலிவாகக் கிடைத்ததால் உழவர்கள் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். குறைசொல்ல முடியாது. பச்சை நிறம் கண்ணுக்குத் தெரியும், வேர் தெரியாது. 2021 மே மாதம் உலகச் சந்தையில் விலை கடுமையாக உயர்ந்தபோது, மத்திய அரசு டிஏபி மூட்டைக்கான மானியத்தை 500 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக்கி, விற்பனை விலையை 1,200 ரூபாயில் நிறுத்தியது. அடுத்த ஆண்டு அது 1,350 ரூபாயானது.

தேங்கிய சத்து

ஒவ்வோராண்டும் பயிர் எடுப்பதைவிட அதிகமாக இட்டுவந்தால் மீதி மண்ணில் சேர்ந்துகொண்டே போகும். பிடித்துவைக்கும் இடங்கள் நிரம்பியபின், புதிதாக இடுவதில் பயிருக்குக் கிடைக்கும் பங்கு கூடுகிறது. வருடம் இரண்டு மூன்று காய்கறிப் பயிர் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் அடியுரமாக டிஏபி போடும் தோட்டங்களில் இந்நிலை விரைவில் வரும். அதற்குப் பிறகும் பழக்கத்தால் மூட்டை வாங்குவது வெறும் செலவு.

செலவோடும் போகாது. மணிச்சத்து மிகுந்தால் துத்தநாகத்தைப் பயிர் எடுப்பது குறைகிறது. எலுமிச்சைக் குடும்பம் துத்தநாகக் குறைவுக்கு எளிதில் ஆட்படும். நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இலை சிறுத்துப் போவதைப் பார்த்து, சத்துக் குறைவு என்று மேலும் டிஏபி போட்டால் நோய் முற்றும். புளியங்குடி எலுமிச்சைத் தோட்டங்களில் இது நினைவில் வைக்க வேண்டிய விஷயம். வயலிலிருந்து அரித்துப் போகும் மண்ணோடு மணிச்சத்து குளத்தைச் சேர்ந்தால் பாசியும் ஆகாயத்தாமரையும் பெருகும். முன்னோர் அந்த வண்டலை மறுபடி வயலுக்குத் தூக்கினார்கள். தூக்காத குளத்தில் அது தங்கிவிடுகிறது.

மண்ணில் இறுகியதைக் கரைக்கப் பாஸ்போபாக்டீரியா என்ற நுண்ணுயிர் உரம் வந்தது. பேசில்லஸ் மெகடீரியம் போன்ற நுண்ணுயிர்கள் அமிலங்களைச் சுரந்து இப்பணியைச் செய்கின்றன. புதிதாகச் சத்தைப் படைப்பதில்லை. இருப்பு உள்ள மண்ணில், தொழு உரத்தோடு சேர்த்து இடும்போது பயன் தரும். மானாவாரிக்கு ஊட்டமேற்றிய தொழு உரம் சிறந்த முறை. பயிருக்குரிய சூப்பர் பாஸ்பேட்டை 750 கிலோ தொழு உரத்தோடு கலந்து ஒரு மாதம் மூடிவைத்து இடுவார்கள். சத்து நேரடியாக மண்ணின் இரும்பையோ சுண்ணாம்பையோ தொடாமல் எருவுக்குள் இருப்பதால் பிடிபடுவது குறைகிறது.

எவ்வளவு இட வேண்டும் என்ற கேள்வியை எண்களாக்கியவர்களில் பி. இராமமூர்த்தி முக்கியமானவர். புதுதில்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய அவரும் குழுவினரும் 1967-இல் விளைச்சல் இலக்கு முறையை வெளியிட்டார்கள். ஒரு குவிண்டால் விளைய எவ்வளவு சத்து வேண்டும், அதில் மண் எவ்வளவு தரும், இட்ட உரத்தில் எத்தனை பங்கு பயிருக்குச் சேரும் என்ற மூன்றையும் அளந்தால், வேண்டிய விளைச்சலுக்கு உரத்தைக் கணக்கிடலாம். வெவ்வேறு ஊர் மண்களை ஒப்பிடாமல், ஒரே வயலில் வளக் குறைவும் மிகுதியும் உள்ள பட்டைகளை உரமிட்டு உண்டாக்கி, அவற்றில் பயிரைச் சோதித்தது அவர் முறையின் சிறப்பு. கோயம்புத்தூர் மையம் தமிழ்நாட்டுப் பயிர்களுக்கும் மண்ணுக்கும் இச்சமன்பாடுகளைத் தயாரித்து வருகிறது.

2015 பிப்ரவரியில் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் உழவர் கையில் ஓர் எண் கிடைக்கிறது. தமிழ்நாட்டில் ஹெக்டேருக்கு 11 கிலோவுக்குக் கீழ் என்றால் மணிச்சத்து குறைவு, 11 முதல் 22 வரை நடுத்தரம், அதற்கு மேல் மிகுதி. இந்த எண் 1954-இல் ஓல்சன் வகுத்த முறைப்படி, சோடியம் பைகார்பனேட் கரைசலால் மண்ணிலிருந்து பிரித்தெடுத்து அளக்கப்படுவது. சங்கரன்கோவில் கரிசலுக்கும் தென்காசிச் செம்மண்ணுக்கும் அது பொருந்தும். குற்றாலம் மலைத் தோட்டத்தின் அமில மண்ணுக்கு 1945-இல் பிரேயும் குர்ட்ஸும் வகுத்த வேறு கரைசல் உண்டு, அதன் எல்லைகளும் வேறு. ஆகவே மண் மாதிரியைப் பையில் போட்டுக் கொடுக்கும்போது, எந்த இடத்து மண், அதில் என்ன பயிர், கடைசியாக என்ன உரம் எப்போது இட்டது என்பதைச் சீட்டில் எழுதுவது அவசியம். உரமிட்ட வரிசையிலும் எருக்குவியல் கிடந்த இடத்திலும் வரப்போரத்திலும் மாதிரி எடுக்கக் கூடாது. மேலே கிடக்கும் சருகை மட்டும் ஒதுக்கிவிட்டு, 15 செ.மீ. ஆழத்துக்கு மண்வெட்டியால் ஆப்பு வடிவில் குழி வெட்டி, குழியின் சுவரை மேலிருந்து கீழாகச் சீவி எடுக்க வேண்டும். ஒரே வயலில் பத்துப் பதினைந்து இடங்களில் இப்படி எடுத்துக் கலந்து, காற்பங்காகப் பிரித்துப் பிரித்து அரை கிலோவாக்கி, நிழலில் உலர்த்தி அனுப்புவது வழக்கம்.